தகரத்தில் பிறந்த இயந்திர மனிதர்

நவராத்திரி நெருங்கும் நாட்களில், தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில், பரண்மேல் கிடந்த பழைய பெட்டியொன்று கீழே இறக்கப்படுகிறது. பழம் புடவைத் துண்டுகளையும் செய்தித்தாள்களையும் விலக்கினால், உள்ளே மரப்பாச்சி இருக்கும். தஞ்சாவூர்த் தலையாட்டி இருக்கும். ஊரிலிருந்து ரயிலில் வந்தபோது விரல் உடைந்துபோன மண் பொம்மையொன்றும் இருக்கும். உடைந்த விரலைப் பசை வைத்துச் சரி செய்வதும், மரப்பாச்சிக்குப் புதுத் துணி தைத்து உடுத்துவதும் வீட்டுப் பிள்ளைகளின் வேலை. கடையில் வாங்கிய பொம்மைக்கும் நம் கைபட்ட பொம்மைக்கும் உள்ள வேறுபாட்டை நம்மில் பலர் முதன்முதலாக அறிந்துகொண்டது அந்தப் பெட்டியின் அருகில்தான்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது வேறொரு நாட்டுப் பொம்மையின் வரலாறு. பெட்டி போன்ற உடல், வட்டக் கண்கள், தூண் போன்ற கால்கள், சித்திரக் கதைகளில் வருவதைப்போல அளவுக்கு மிஞ்சிய தலை - இவ்வாறு அமைந்த இயந்திர மனித பொம்மையை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஜப்பான் நாடு அதைப் பெருமளவில் செய்து உலகெங்கும் அனுப்பியது. அதே நாட்டில், தொழிற்சாலையை நாடாமல், வெறும் தகட்டிலும் பசையிலும் தொடங்கித் தமக்கென்று ஓர் உருவத்தைத் தாமே படைத்துக்கொள்ளும் கலையும் வேரூன்றியது. விளையாட்டுப் பொருளின் வரலாறு என்பதால் இதை எளிதாக எண்ணிவிடலாகாது. பசியும் போரும் தோல்வியும் இதனுள் இருக்கின்றன.

தானே இயங்கும் பாவை என்னும் எண்ணம் தமிழருக்குப் புதியதன்று. உதயணனைச் சிறைப்பிடிக்க வந்த பொறியானையையும், சீவக சிந்தாமணியில் விசயை ஏறிச் சென்ற மயிற்பொறியையும் தமிழ் கற்றோர் அறிவர். அவை காவியக் கற்பனைகள். ஜப்பானியரோ பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இத்தகைய பொறிகளைக் கையால் செய்து, செய்யும் முறையையும் எழுதி வைத்தார்கள். 'கராக்குரி' என்பது அவற்றிற்கு அவர்கள் இட்ட பெயர். 1796ஆம் ஆண்டில் ஹொசோகாவா ஹன்சோ என்பவரின் 'கராக்குரி ஸுயி' என்னும் நூல் வெளிவந்தது. கடிகாரங்களின் அமைப்பையும் பொறிப்பாவைகளின் அமைப்பையும் அது படங்களோடு விளக்குகிறது.

அந்நூலில் வரும் பாவைகளுள் புகழ்பெற்றது தேநீர் ஏந்தும் சிறு பிள்ளை. வீட்டுக்காரர் அதன் கையிலுள்ள தட்டில் கிண்ணத்தை வைத்தால், அது விருந்தினரை நோக்கி நடந்து செல்லும். விருந்தினர் கிண்ணத்தை எடுத்தவுடன் நின்றுவிடும். குடித்து முடித்துக் கிண்ணத்தைத் திரும்ப வைத்தால், திரும்பி வந்த வழியே போகும். உடலும் பல்சக்கரங்களும் மரத்தால் ஆனவை. எஃகுச் சுருள்வில்லுக்குப் பதிலாகத் திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுக்கும் வளையும் தகடு பயன்பட்டது. இருபதாம் நூற்றாண்டில், இந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டே அப்பாவையை மீண்டும் செய்து நடக்கவிட்டிருக்கிறார்கள். பரம்பரைத் தொழில் நுணுக்கங்களைத் தந்தை மகனுக்கு மட்டுமே சொல்லும் வழக்கம் எங்கும் இருந்த காலத்தில், ஒருவர் அளவுகளோடு அச்சிட்டு ஊருக்குக் கொடுத்தார் என்பதை நாம் கருதிப் பார்க்க வேண்டும். பின்னால் வரும் கதைக்கு இதுவே விதை என்று நமக்குத் தோன்றுகிறது.

1799ல் பிறந்த தனகா ஹிசஷிகே என்னும் கைவினைஞர் இக்கலையை இன்னும் உயர்த்தினார். அவர் செய்த வில்லாளிச் சிறுவன், அம்பை எடுத்து, நாணில் பூட்டி, இலக்கை நோக்கி எய்வான். இத்தகைய விளையாட்டுகளில் கை பழகிய அவரே முதுமையில், 1875ல், டோக்கியோவின் கின்சா பகுதியில் தந்திக் கருவிகள் செய்யும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். பிற்காலத்தில் தோஷிபா என்று உலகம் அறிந்த நிறுவனத்தின் வேர்களுள் ஒன்று அந்தப் பட்டறை.

'ரோபோ' என்னும் சொல் ஜப்பானியச் சொல் அன்று. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் 1920ல் எழுதி, 1921ல் பிராக் நகரில் மேடையேறிய நாடகத்திலிருந்து அது பிறந்தது. கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லே அதன் மூலம். நாடகத்தில் வரும் செயற்கை மனிதர் தம்மைப் படைத்தவர்களுக்கு எதிராகக் கிளர்ந்தெழுகின்றனர். 1924ல் டோக்கியோவின் சுகிஜி சிறு நாடக அரங்கில் 'செயற்கை மனிதன்' என்னும் பெயரில் அது நடிக்கப்பட்டது.

இயந்திர மனிதன் அடிமையாகவே பிறக்க வேண்டும் என்னும் இக்கருத்தை ஒப்பாதவர் ஒருவர் ஒஸாகாவில் இருந்தார். நிஷிமுரா மகோத்தோ என்பது அவர் பெயர். உயிரியல் அறிஞராக இருந்து பின்னர் மைனிச்சி செய்தித்தாளில் பணியாற்றியவர். 1928ல் கியோத்தோ நகரில் நடந்த கண்காட்சிக்காக அவர் மூன்று மீட்டருக்கும் மேலான உயரத்தில் ஓர் உருவம் சமைத்தார். இயற்கையின் நியதிகளிலிருந்து கற்றுக்கொள்வது என்னும் பொருளில் அதற்கு 'ககுதென்சோகு' என்று பெயரிட்டார். ரப்பர்க் குழாய்களில் செலுத்திய காற்றின் அழுத்தத்தால் அதன் முகம் அசைந்தது, கண் திறந்தது, இதழில் புன்னகை தோன்றியது. ஒரு கையில் எழுதுகோல், மறு கையில் விளக்கு. நடக்கவோ பாரம் தூக்கவோ அது செய்யப்படவில்லை. சிந்திப்பதும் எழுதுவதும் புன்னகைப்பதுமே அதன் வேலை. பல ஊர்களில் காட்டப்பட்ட அவ்வுருவம் பின்னர் காணாமற் போயிற்று.

தகரத்தால் ஆன இயந்திர மனித பொம்மைகளுள் மிகப் பழையது என்று பலரும் சொல்வது 'லில்லிபுட்' என்னும் சிறு பொம்மை. ஏறத்தாழ 15 செ.மீ. உயரம், மஞ்சள் நிறம், சதுரத் தலை, சதுர உடல், சாவி கொடுத்தால் தள்ளாடி நடக்கும். போருக்கு முன் பிறந்ததா, பின் பிறந்ததா என்று பொம்மை சேகரிப்போர் இன்றும் வழக்காடுகின்றனர். அந்த வழக்கில் நாம் தலையிட வேண்டியதில்லை.

போர்க்காலத்தில் உலோகமெல்லாம் படைக்குப் போயிற்று. பொம்மைக்குத் தகரம் கிடைக்கவில்லை. 1945 மார்ச் மாதத்தில், ஒரே இரவில், டோக்கியோவின் கிழக்குப் பகுதிகள் விமானங்கள் பொழிந்த தீயில் வெந்து சாம்பலாயின. அவ்விரவில் மாண்டவர் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். சிறு பட்டறைகளும் கைத்தொழில் வீடுகளும் நெருங்கிக் கிடந்த பகுதி அது. பொம்மைத் தொழிலாளர் வாழ்ந்ததும் அங்கேதான். அச்சுகள் உருகின, தொழில் தெரிந்தவர் பலர் மாண்டனர், மற்றவர் சிதறிப் போயினர்.

அவ்வாறு டோக்கியோவை விட்டு வெளியேறிய பொம்மைத் தொழிலாளருள் ஒருவர் கொசுகே மத்சுசோ. பிவா ஏரிக்கரையிலுள்ள ஒத்சு நகரில் அவர் தங்கியிருந்தார். போர் முடிந்து ஜப்பானுக்குள் புகுந்த அமெரிக்கப் படையினர் உண்டு எறிந்த தகர டப்பாக்கள் அங்கே குவிந்து கிடந்தன. கொசுகே அவற்றை எடுத்து, வெட்டி விரித்து, தட்டி நிமிர்த்தி, தெருவில் ஓடிய ஜீப் வண்டியைப் பார்த்து அதேபோல் ஒரு சிறு வண்டி செய்தார். 1945 டிசம்பரில் கியோத்தோவின் பெரிய கடை ஒன்றில் 10 யென் விலைக்கு அது விற்பனைக்கு வந்தது. மக்கள் வரிசையில் நின்று வாங்கினர். அரிசிக்கு வரிசையில் நின்ற மக்கள் பொம்மைக்கும் வரிசையில் நின்றதை எண்ணிப் பாருங்கள். அதைவிட வியப்பு வேறொன்று: தோற்ற நாட்டுக் குழந்தை தரையில் உருட்டி விளையாடியது, வென்ற நாட்டுப் படையின் வண்டியை.

1947ல் தனியார் வெளிநாட்டு வாணிபம் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 'ஆக்கிரமிப்பின் கீழுள்ள ஜப்பானில் செய்தது' என்னும் முத்திரையோடு பொம்மைகள் கப்பலேறத் தொடங்கின. அக்காலத்துப் பொம்மையைப் பிரித்து உட்புறம் நோக்கினால், சில வேளைகளில் பழைய உணவு டப்பாவின் எழுத்துகள் தெரியும். வெளியே பளபளக்கும் வர்ணம். உள்ளே பிறர் உண்டு முடித்த உணவின் பெயர்.

அந்தத் தொழிலின் முறையை இங்குச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தகரம் என்று நாம் சொல்வது வெள்ளீயம் பூசிய மெல்லிய இரும்புத் தகடு. தகடு தட்டையாக இருக்கும்போதே அதன்மேல் கண், வாய், பொத்தான், மின்னளவு முகங்கள் எல்லாவற்றையும் பல வர்ணங்களில் அச்சிட்டுவிடுவார்கள். பின்னர் அழுத்தும் இயந்திரத்தில் வைத்து வெட்டி வளைப்பார்கள். ஒரு துண்டின் ஓரத்தில் சிறு நாக்குகளும், மற்றொரு துண்டின் ஓரத்தில் அவற்றிற்கு ஏற்ற துளைகளும் இருக்கும். நாக்கைத் துளையில் நுழைத்து மடக்கிவிட்டால் இரண்டும் பிரியாமல் நிற்கும். பற்றவைப்பு வேண்டியதில்லை. இயந்திர மனிதனின் உடல் ஏன் பெட்டியாக இருந்தது என்ற வினாவுக்கு விடை இதிலேயே கிடைக்கிறது. தகட்டை எளிதில் வளைத்துச் செய்யக்கூடிய வடிவம் பெட்டியும் உருளையுமே. மனித முகத்தின் குழைவைத் தகரத்தில் கொண்டுவருவது கடினம். இயந்திர முகத்திற்கோ அந்தக் குழைவு தேவையே இல்லை. கேலிச்சித்திரம் போன்ற அத்தோற்றத்தை ஓவியன் மட்டும் படைக்கவில்லை. பாதியைத் தகரமே படைத்தது.

நாக்கு மடக்கும் வேலையும் உறுப்புகள் பொருத்தும் வேலையும் பெரும்பாலும் வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. டோக்கியோவின் கிழக்குப் பேட்டைகளில், சமையல் முடிந்த வேளையில் பெண்கள் அமர்ந்து எண்ணிக்கைக் கூலிக்கு அவற்றைச் செய்தனர். நம் நாட்டில் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களையும் தீப்பெட்டிக்கு அட்டை மடிக்கும் பெண்களையும் அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெட்டிய தகரத்தின் விளிம்பு கத்திபோன்றது. பெட்டியின் மேல் நிறுவனத்தின் குறி இருந்தது. மடக்கிய விரலின் பெயர் எங்கும் இல்லை.

1949ஐ ஒட்டி வெளிவந்த பொம்மையொன்றின் பெயர் 'அணு ரோபோ மனிதன்'. அதன் பெட்டியின்மேல் இடிந்த நகரமும், அதற்குப் பின்னால் எழும் அணுகுண்டுப் புகைமேகமும், நடுவே நடந்துவரும் இயந்திர மனிதனும் வரையப்பட்டிருந்தன. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டு விழுந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. வாங்கப் போகிறவர் அமெரிக்கர், செய்தவர் ஜப்பானியர். இதைப் பார்க்கும்போது என்ன நினைப்பது என்று நமக்கே விளங்குவதில்லை. விற்பனைக்காகச் செய்த தந்திரம் என்று சிலர் சொல்லக்கூடும். நமக்கு அவ்வளவு எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

1956ல் 'தடை செய்யப்பட்ட கிரகம்' என்னும் பொருள்படும் பெயருடைய அமெரிக்கத் திரைப்படத்தில் 'ராபி' என்னும் இயந்திர மனிதன் தோன்றினான். உருண்டை திரண்ட கால்கள்; கண்ணாடிக் குடுவை போன்ற தலை. அவ்வுருவத்தை உருவாக்கியதில் முதன்மையான பங்கு ராபர்ட் கினோஷிதா என்னும் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கருடையது. முதலில் கையளவு மாதிரி ஒன்றைச் செய்து காட்டி, பின்னரே முழு உருவம் அமைக்கப்பட்டது. பிறந்த நாடு அமெரிக்காவாக இருந்தும், போர்க்காலத்தில் மற்ற ஜப்பானிய வம்சாவளியினரோடு தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டவர் அவர். அவர் படைத்த உருவத்தைப் பார்த்து ஜப்பானியப் பட்டறைகள் தகரத்தில் பொம்மை செய்தன. அப்பொம்மைகள் மீண்டும் அமெரிக்கக் குழந்தைகளிடம் சென்றன. இரு நாடுகளுக்கும் நடுவில் பிறந்த ஒருவரின் கைவேலை, கடலை இருமுறை தாண்டியது.

ஏற்றுமதிக்கென்றே செய்த இப்பொம்மைகளில் பலவற்றை ஜப்பானியக் குழந்தைகள் கண்டதே இல்லை. அவர்களுக்கு உரிய இயந்திர மனிதனை அளித்தவை சித்திரக் கதைகள். தெசுகா ஒசாமு என்னும் ஓவியர் 1952ல் 'ஷோனென்' என்னும் சிறுவர் பத்திரிகையில் 'தெத்சுவான் ஆட்டம்' என்னும் கதையைத் தொடங்கினார். இரும்புக் கரம் கொண்ட அணுச் சிறுவன் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். 1956ல் அதே பத்திரிகையில் யொகோயாமா மித்சுதெருவின் 'தெத்சுஜின் 28' வந்தது. போரில் பயன்படுத்தவென்று செய்யப்பட்ட பேருருவம் அது. அதற்கென்று மனம் கிடையாது. இயக்கும் கருவி எவர் கையில் இருக்கிறதோ அவருக்கு அது பணிசெய்யும். நல்ல சிறுவன் கையில் இருந்தால் நன்மை, திருடன் கையில் அகப்பட்டால் தீமை. போரைக் கண்ட தலைமுறை தன் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை இது. 1963ல் இவ்விரண்டும் தொலைக்காட்சியில் இயங்கு சித்திரங்களாக வந்தபின், பொம்மைக் கடைகளின் முகமே மாறிவிட்டது. அதுவரை கடல் தாண்டிப் போகவே பிறந்த இயந்திர மனிதன் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

ஆனால் சித்திரத்தில் உள்ளதைப் பொம்மையாக்க முனைந்தவர்கள் ஒரு புதிரைச் சந்தித்தனர். ஆட்டத்தின் தலையில் கொம்புபோல் இரண்டு முனைகள் உண்டு. எந்தப் பக்கத்திலிருந்து வரைந்தாலும் தெசுகா இரண்டையும் தெளிவாகத் தெரியும்படியே வரைவார். காகிதத்தில் இது தவறாகத் தோன்றுவதில்லை. கண்ணுக்கு இனிமையாகவே இருக்கிறது. களிமண்ணிலோ மரத்திலோ செதுக்க முற்பட்டால்தான் அது நடவாத காரியம் என்று தெரியும். முன்னிருந்து பார்க்கச் சரியாக இருக்கும் கொம்பு, பக்கத்திலிருந்து பார்க்கும்போது மற்றதை மறைத்துவிடும். எனவே செதுக்குபவர் ஓவியத்தை அப்படியே நகல் எடுக்க இயலாது. எந்தப் பொய்யை விட்டுக்கொடுப்பது, எதைக் காப்பாற்றுவது என்று அவரே முடிவு செய்தாக வேண்டும். சித்திரப் பாணி உருவத்தைக் கையால் படைக்கும் கலையின் கடினமும் சுவையும் இதிலே அடங்கியிருக்கின்றன.

அறுபதுகளில் பிளாஸ்டிக் வந்து தகரத்தை மெல்ல மெல்ல ஒதுக்கிற்று. 1971ல் யென்னின் மதிப்பு ஒரு டாலருக்கு 360 என்றிருந்தது 308 என்றானதும், ஏற்றுமதியை நம்பிய சிறு பட்டறைகள் மேலும் நலிந்தன. 1972ல் நகாய் கோவின் 'மாசிங்கர் இசட்' வெளிவந்தது. அதையொட்டி 60 செ.மீ. உயரப் பொம்மைகளும், 1974ல் கனமான உலோக வார்ப்புப் பொம்மைகளும் கடைகளை நிறைத்தன. இவற்றை விரைந்து கடப்போம்.

1979ல் 'கண்டம்' என்னும் தொலைக்காட்சித் தொடர் வந்தது. 1980 ஜூலையில் அதன் இயந்திர உருவத்தைப் பிள்ளைகளே துண்டு துண்டாக ஒட்டிச் சேர்த்துக்கொள்ளும் மாதிரிப் பெட்டி 300 யென்னுக்கு வெளியாயிற்று. நாடெங்கும் அதற்கு அடிதடி. ஆனால் ஒட்டி முடித்த உருவம் திரையில் கண்டதுபோல் இல்லை. முழங்கால் போதுமான அளவு மடங்கவில்லை. உடலின் அளவு பொருந்தவில்லை. மனக்குறைவுற்ற இளைஞர்கள் கத்தியை எடுத்தார்கள். காலை நடுவில் அறுத்து நீளம் கூட்டினர். தோளைத் திருகி மாற்றினர். இடைவெளியைப் பசையால் நிரப்பினர். அவர்கள் செய்ததை 'ஹாபி ஜப்பான்' போன்ற பத்திரிகைகள் படத்தோடு வெளியிட்டு, செய்முறையையும் படிப்படியாக விளக்கின. 1796ஆம் ஆண்டு நூலை இங்கே நாம் நினைவுகூர்வது இயல்பு. திருத்தக் கற்றவர்கள் அடுத்து, திருத்துவதற்குப் பெட்டியே வேண்டாம், தொடக்கத்திலிருந்தே நாமே செய்யலாம் என்று துணிந்தார்கள்.

அவ்வாறு அடிமுதல் படைக்கும் முறை கீழ்வருமாறு. முதலில் முன்தோற்றம், பக்கத்தோற்றம், பின்தோற்றம் ஆகியவற்றை உண்மையான அளவில் காகிதத்தில் வரைகிறார்கள். தலை ஒரு பங்கு என்றால் முழு உயரம் எத்தனை பங்கு என்பதை அப்போதே தீர்மானிக்க வேண்டும். மனித உடல் ஏறத்தாழ ஏழு தலை உயரம். சித்திரப் பாணிக் குறள் உருவங்களுக்கோ இரண்டு, இரண்டரை, மூன்று தலை உயரமே. 'கண்டம்' உருவங்களை இவ்வாறு குறுக்கிச் செய்யும் வழக்கம் எண்பதுகளின் நடுவில் பெரும் பற்றுடன் பரவியது. தலை பெரிதானால் பாரம் மேலேறி உருவம் கவிழும். அதனால் பாதங்களை அகலமாக்கி, முன்கையைத் தடிப்பாக்குகிறார்கள். வேடிக்கைக்காகப் பெருக்கியதுபோல் தோன்றும் பாதம் உண்மையில் தராசின் மறுதட்டு. நம் தலையாட்டி பொம்மைக்கு அடியில் களிமண் கனமாக வைப்பதும் இதே கணக்குதான்.

பின்னர் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைக் கீறி ஒடித்து, உருக்கி ஒட்டும் திரவத்தால் பெட்டி பெட்டியாகச் சேர்க்கிறார்கள். உருண்டு திரண்ட பாகங்களைச் சுவருக்கு வர்ணம் அடிப்போர் 'பட்டி' என்று சொல்வதைப் போன்ற, காய்ந்தால் கல்லாகும் பசையால் வடித்து, உப்புத்தாளால் தேய்க்கிறார்கள். தேய்த்தபின் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு. அதைப் பூசியதும், கண்ணுக்கு இதுவரை தெரியாத கீறலெல்லாம் வெளிப்படும். மீண்டும் பட்டி, மீண்டும் உப்புத்தாள். வலப்பக்கம் ஒன்று செய்துவிடுவது எளிது. அதற்குச் சரியான இணையாக இடப்பக்கம் செய்வதில்தான் கையின் பயிற்சி தெரியும் என்று இத்தொழிலில் ஈடுபட்டோர் சொல்வர். வர்ணம் பூசுவதற்கு வரும்போது மாதங்கள் கடந்திருக்கும்.

ஒன்று செய்து முடித்தவருக்கு அதைப்போல் பத்து வார்த்து நண்பர்களுக்குக் கொடுக்க ஆசை வருவது இயற்கை. சிலிக்கோன் ரப்பரில் அச்சு எடுத்து, அதில் இருதிரவப் பிசினைக் கலந்து ஊற்றினால் பிரதி கிடைத்துவிடும். பெரிய இயந்திரம் வேண்டாம். எண்பதுகளின் தொடக்கத்தில் இவ்வழி பரவியது. ஒஸாகாவின் புறநகரில் 1964ல் மிகச் சிறிய மாதிரிக் கடையாகத் தொடங்கிய 'கையோதோ' இதில் பேர் பெற்றது. அக்கடையின் நிறுவனர், உணவுக் கடை வைப்பதா பொம்மைக் கடை வைப்பதா என்று அறியாமல், மரவாளை நிறுத்தி அது விழுந்த திசையைக் கொண்டு முடிவு செய்தார் என்று ஒரு கதையும் உண்டு.

இங்கே ஒரு வழக்கு எழுந்தது. உருவத்தைச் செதுக்கியவர் ஒருவர். அதைக் கற்பனை செய்து வரைந்தவர் வேறொருவர். இராப்பகலாக உழைத்துச் செய்தேன், விற்க எனக்கு உரிமை இல்லையா என்பது ஒருவர் கேள்வி. என் கற்பனையை நீ விற்கலாமா என்பது மற்றவர் கேள்வி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. முற்றிலும் தடுத்திருந்தால் கலை அழிந்திருக்கும். முற்றிலும் விட்டிருந்தால் ஓவியர் வயிற்றில் அடித்ததாகும். ஜப்பானியர் கண்ட தீர்வு வியக்கத்தக்கது. 1985ல் தொடங்கிய 'வண்டர் பெஸ்டிவல்' என்னும் கைவினைச் சந்தையில் 'அன்றைய உரிமம்' என்னும் முறை வழங்குகிறது. செய்தவர் சில மாதங்களுக்கு முன்பே தம் உருவத்தின் படத்தை அனுப்பி விண்ணப்பிக்க வேண்டும். உரிமையாளர் ஒப்பினால், அந்த ஒரு நாள், அந்த ஓர் இடத்தில், குறித்த எண்ணிக்கையில் மட்டும் விற்கலாம். பொழுது சாய்ந்தால் உரிமமும் சாய்ந்துவிடும். டோக்கியோவுக்கு அருகில் சீபா நகரின் மக்குஹாரி மண்டபத்திலே 2009 முதல் நடந்துவரும் இச்சந்தையில், பகலில் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவரும் பள்ளியில் பாடம் சொல்பவரும் தாம் வார்த்த உருவங்களை மேசைமேல் பரப்பி அமர்ந்திருக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு மேசையிலும் செய்தவர் பெயர் எழுதியிருக்கிறது. தகர நாக்கை மடக்கிய பெண்களின் பெயர் எழுதப்படாத நாட்டில், இது சிறிய மாற்றம் அன்று.

காணாமற்போன ககுதென்சோகுவையும் 2008ல் ஒஸாகா அறிவியல் அருங்காட்சியகத்திற்காக மீண்டும் செய்தார்கள். பழைய உருவத்தின் உட்புறம் கிட்டவில்லை. புகைப்படங்களையும் நிஷிமுரா எழுதி வைத்த குறிப்புகளையும் கொண்டு, உள்ளே இன்றைய பொறிகளை அமைத்தனர். அது மறுபடியும் கண் திறந்து புன்னகைத்தது.

நம் வீட்டுக் கொலுப்படிகளுக்குக் கீழே பிள்ளைகள் மணல் பரப்பி, கடுகு முளைக்க வைத்து, பூங்கா அமைப்பது வழக்கம். மலைக்கோயிலுக்கும் குளத்துக்கும் நடுவே ஓர் இயந்திர மனிதன் காவல் நிற்பதை இந்நாளில் சில வீடுகளில் நாம் காண்கிறோம். ஆண்டுதோறும் ஒரு புதுப் பொம்மை சேர்க்க வேண்டும் என்னும் முறையும் நமக்கு உண்டு. இவ்வாண்டு அதை வீட்டிலேயே செய்ய விரும்பும் நேயர்கள், காலியான பால்மாவு டப்பா ஒன்றையும் தகரக் கத்தரியையும் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் கையில் கொடுக்குமுன், வெட்டிய விளிம்பு முழுவதையும் பெரியவர் ஒருவர் அரத்தால் தேய்த்து உள்நோக்கி மடித்துவிட வேண்டும்.